பத்து நாற்பது பேருந்து

துர்க்குவில் டிசம்பர் என்றால்
மூன்றரைக்கே இருட்டு.
எஃகுத் தூணின் எதிரே பதினோரு நாள்
ஒரே பொருளின் இரண்டு உருவைப்
பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் முகடு பதினாலாம் நிமிடம்.
அடுத்தது பத்தொன்பது.
நடுவே ஒரு பள்ளம், அடிக்கோட்டைத் தொட்டுக்கொண்டு,
துடைத்துவிட்டதுபோல்.
அந்தப் பள்ளத்தை நம்பிக் குடுவைகளை நிரப்பினேன்.
எங்களுக்கு வேண்டியது இரண்டாமவள்.
தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு
என்று இயந்திரம் சொன்னபோது
ஓத்ஸோகூட எட்டிப் பார்த்துத் தலையாட்டினான்.
அவன் தலை ஆடுவது வருடத்தில் இருமுறை.

வெள்ளி இரவு.
கடைசிப் பேருந்து பத்து நாற்பதுக்கு.
சுழல் ஆவியாக்கியில் குடுவை
சுற்றியது, சுற்றியது, குறையவே இல்லை.
நீர்த்தொட்டி இருபத்தைந்தில் இருந்தது.
ஐம்பது வைத்தேன்.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள்.
என் கை நுழைந்தது.
ஒரு குமிழைத் திருப்ப எவ்வளவு இடம் வேண்டும்?

முகடுகள் கூராக வரட்டும் என்று
கரைப்பானில் ட்ரைஎத்திலமீன் விட்டிருந்தோம்,
ஆயிரத்தில் ஒரு பங்கு.
ஹெக்சேன் முதலில் போயிற்று.
பின்னாலேயே ஐசோபுரொப்பனால்.
அமீன் மட்டும்,
விருந்து கலைந்த பிறகும் வாசலில் நின்று
பேச்சை முடிக்காத ஒருவன்போல,
தங்கியது. தங்கத் தங்க அடர்ந்தது.
கீட்டோனுக்கு அடுத்த கார்பனிடமிருந்து
ஒரு ஹைட்ரஜனை வாங்கியது.
திருப்பிக் கொடுத்தது.
எந்தப் பக்கமாக என்று
அது பார்க்கவில்லை.

திங்கள் காலை, போலாரிமீட்டர்:
பூஜ்யம்.
குழாயைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
பூஜ்யம்.
எடையில் ஒரு மில்லிகிராம் குறைவில்லை.
என்.எம்.ஆர். பழைய முகத்தையே காட்டியது.
சிந்தவில்லை, கருகவில்லை,
களவு போனது திசை மட்டும்.
அந்தப் பூஜ்யம் காலி இல்லை.
இருவரும் சரிபாதியாய் உள்ளே நின்று
ஆளுக்கொரு பக்கம் இழுக்க
ஒளி நடுவே நேராகப் போய்க்கொண்டிருந்தது.

ஓத்ஸோ தூணைச் சந்தேகித்தான். பிறகு பம்பை.
பிறகு, பாவம், பெர்லினிலிருந்து வந்த பெட்டியை.
நான் பேருந்தைப் பற்றிச் சொன்னது வியாழக்கிழமை,
பட்டாணி சூப் வரிசையில்.
அவன் தட்டை நகர்த்தினான்.
"ஐம்பதா?" என்றான்.
அவ்வளவுதான்.

மறுபடி தூண். மறுபடி பதினோரு நாள்.
இம்முறை ஒவ்வொரு குடுவையிலும்
முன்னதாகவே அசெட்டிக் அமிலம் காத்திருந்தது,
அமீன் இறங்கியதும் கையைப் பிடித்துக்கொள்ள.
சொட்டை எண்ணித்தான் விட்டோம்;
மிஞ்சினால் அமிலமும் இதே வேலையைச் செய்யும்.
ஐஸ் இயந்திரம் பழுது.
ஜன்னல் விளிம்பிலிருந்து வாளி வாளியாகப் பனி அள்ளி
குடுவைகளைப் புதைத்தோம்.
உப்பாகிப்போன அமீனைக் குளிர்நீரில் கழுவி வெளியேற்றினோம்.
கொஞ்சம் கொஞ்சமாக, இருபதில்,
வெற்றிடத்தை மட்டும் ஆழமாக்கி.
அரைமணிக்கு ஒருமுறை ஒரு துளி சோதனைக்கு.

பத்து நாற்பதுக்கு
பேருந்து கீழே நின்றது, கதவு திறந்தது, மூடியது.
ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

ஒன்றேகால் மணிக்கு
இடப்பக்கம் நாற்பத்தொரு டிகிரி.
தூங்கி எழுந்து பார்த்தாலும் இருக்குமா என்று
ஓத்ஸோ கேட்டான்.
தெரியாது என்றேன். உறைபெட்டியில் வைத்தோம்.

ஆற்றோரமாக நடந்தே போனேன்.
விரல் பிரியாத கம்பளி உறைகள்.
எது இடது எது வலது என்று பாராமல் மாட்டியிருந்தேன்.
இரண்டும்
எந்தக் கையிலும் பொருந்தின.