பதினொன்றாவது டப்பா

வார்டோ தீவு, பிப்ரவரி.
சூரியன் திரும்பி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.
இன்னும் விருந்தாளி மாதிரி
ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டு
காப்பி ஆறுவதற்குள் எழுந்து போய்விடுகிறது.

அன்னையர் தினம் இங்கே பனிக்கு நடுவில் வரும்.
பூ கேட்டால் கடைக்காரர் சிரிப்பார்,
விலை சொன்னால் நான் சிரிப்பேன்.
அதனால் இரண்டாம் வகுப்புக்குச் சொன்னேன்:
வீட்டில் தின்று தீர்த்த கானாங்கெளுத்தி டப்பாவைக்
கழுவிக் கொண்டுவாருங்கள்.

பதினொன்று வந்தன.
மூன்று தரம் சோப்புப் போட்டும்
தக்காளிச் சாற்றின் வாசம் போகவில்லை.
கிழிக்கும் விளிம்புக்கெல்லாம் துணிநாடா ஒட்டினோம்.
சீவெர்ட் தன் விரலுக்கும் ஒட்டிக்கொண்டான்,
காயமே இல்லாமல்.

மண்ணா?
இருக்கிறது, பனிக்கு அடியில், கல்லாக.
எங்கள் மண் மூட்டையில் வந்தது,
கடலுக்கடியில் போகும் சுரங்கச் சாலை வழியாக,
உருளைக்கிழங்கு லாரியில்.
வாயைப் பிரித்ததும் வகுப்பு அடங்கிப்போனது.
ஆஸ்லக் மட்டும் குனிந்து முகர்ந்து
"ஜூன்" என்றான்.

விதை, கிரெஸ் கீரை. கடுகுக்குத் தங்கை முறை.
ஒரு சிட்டிகை தூவினால் பத்தே நாளில் பச்சை.

"இதப் பாத்துக்கணுமா?" என்றாள் மாரித்.
"ஆமா. தினமும் தண்ணி ஊத்தணும்."
"அப்ப வேணாம்."

மீன் ஆலையில் அவள் அம்மாவுக்கு இரவு முறை.
இரட்டைக் குழந்தைகள், பல் முளைக்கிற பருவம்.
குளிரில் கிளம்ப மறுக்கும் கார்.
ஒழுகும் குளியலறை.
மாரித் விரல்விட்டு எண்ணினாள்,
ஒரு கை போதவில்லை.
"இன்னொண்ண வேற குடுக்கவா?"

எனக்குப் பதில் வரவில்லை.

மண்ணை மட்டும் நிரப்பினாள்.
கேக்கின் மேல்பூச்சுப் போலக்
கரண்டியின் முதுகால் தடவித் தடவிச் சமமாக்கினாள்.
அட்டையில் எழுதினாள்:
அம்மா, இதற்குத் தண்ணீர் வேண்டாம்.
'தண்ணீர்' எழுத்துப்பிழையோடு இருந்தது. திருத்தவில்லை.

மூன்றாம் நாள் பத்து டப்பாவிலும் வெள்ளை மயிர் போல முளை.
ஒன்பதாம் நாள் அத்தனை தலையும்
கண்ணாடிப் பக்கம் சாய்ந்து நின்றன,
பேருந்து வருகிறதா என்று பார்ப்பவர்கள் மாதிரி.
பதினொன்றாவது டப்பா
கறுப்பாக, நேராக, யாரையும் எதிர்பார்க்காமல்.

வெள்ளி மாலை, எல்லோரும் போன பிறகு,
நான் ஒரு சிட்டிகை விதையை எடுத்தேன்.
ஒப்புக்கொள்கிறேன்.
இரண்டு நாள் போதும், ஞாயிறு காலை கண் விழிக்கும்,
அற்புதம் என்பார்கள்.
மாரித்தின் மண்ணுக்கு மேலே கை நின்றது.
அவள் தடவிய கரண்டித் தடங்கள்
விளக்கொளியில் அலைபோலத் தெரிந்தன.
விதையை வாயில் போட்டு மென்றேன்.
நாக்கில் சுரீரென்றது.

திங்கள்கிழமை சேதிகள்:
சீவெர்ட்டின் அம்மா அன்றைக்கே கத்தரித்து
முட்டை ரொட்டிமேல் தூவிவிட்டாள்;
அழுதானாம், அப்புறம் இரண்டு துண்டு தின்றானாம்.
ஆஸ்லக் வீட்டில் பூனை முந்திக்கொண்டது.
மாரித் ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப் போட்டாள்.

புதன்கிழமை வகுப்பு வாசலில் ராக்னில்ட்,
ஆலை உடுப்பில், சட்டைக் கைமுனையில் ஒரு செதில்.
மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தேன்
(பெண் பச்சையே இல்லாமல் கொடுத்தாளே என்று),
அதற்குள் அவள் கேட்டாள்:
"அந்த மண் எந்தக் கடையில?"

அடுப்பங்கரை மேசையில் வைத்திருக்கிறாளாம்.
விடிகாலை நாலு மணிக்கு வந்து,
பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்னாலேயே
அதற்குள் விரலை விட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் நிற்கிறாளாம்.
வேறொன்றும் இல்லை.
"தொட்டுத் தொட்டுக் கொறஞ்சு போச்சு" என்றாள்,
களவு பிடிபட்டவள் போல.

மூட்டையின் அடியில் மிச்சம் இருந்தது.
பால் பெட்டி ஒன்றில் அள்ளிக் கொடுத்தேன்.
விதைப் பொட்டலமும் மேசைமேல்தான் கிடந்தது.
அவள் அதைப் பார்த்தாள்,
நான் பார்ப்பதையும் பார்த்தாள்,
பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு
வெளிச்சம் போவதற்குள் நடந்தாள்,
காரில்லாமல்.