ஐம்பது நிமிடம்

காந்தி ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே என் கடை.
ஆஸ்பத்திரி ஃபைலோடு வந்தார் சுபர்ணா தேப்பர்மா.
அகர்தலாவுக்கு இரண்டு டிக்கெட்,
அவருக்கும் முட்டி மாற்றிய கணவருக்கும்.
கொல்கத்தாவில் விமானம் மாற ஐம்பது நிமிடம்.
போதும் என்றது திரை.
போதும் என்றேன் நானும்.

விளக்கடிக்கு ஈசல் வருவதுபோல்
ஒரே மணி நேரத்தில் அங்கே
பதினோரு விமானம் இறங்கும்.
அடுத்த மணிக்குள் பதினொன்றும் பறந்துவிடும்.
நடுவில் இருப்பவர் ஓட வேண்டும்.
அந்தக் கணக்கைப் போட்டவனுக்கு
முட்டி இரண்டும் நன்றாக இருந்திருக்கும்.

சென்னையிலேயே நாற்பது நிமிடத் தாமதம்.
சக்கர நாற்காலி போய்ச் சேர்ந்தபோது
கதவு சாத்தியாயிற்று.
கண்ணாடிக்கு வெளியே விமானம்
இன்னும் நின்றுகொண்டுதான் இருந்ததாம்.
ராத்திரி போனில் சொன்னார், கோபமில்லாமல்.
அதுதான் தூங்கவிடவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டில் கடைசி ஒடுகத்தூர் வண்டி,
ஆரணி பஸ் வரட்டுமென்று
விசில் ஊதாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.
டிரைவர் ஒரு பீடி கூடுதலாகக் குடிப்பார்,
அவ்வளவுதான் செலவு.

இப்போது யார் வந்தாலும் முதலில்
"கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்கிறேன்,
கடைவாசலிலிருந்து எதிர் மருந்துக்கடை வரை.
சிரித்தபடி நடக்கிறார்கள்.
நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.