ஏழு இருபது வேன்

ஐஸ் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து
சைக்கிளில் திரும்பும்போது
விரல்கள் இன்னும் என்னுடையவை ஆகியிருக்காது.
தங்கச்சிமடத்தில் முதலில் விடிவது சீனி கடையில்.
ரொட்டிக்கு மாவு வீசி அடிக்கிற சத்தம்
தெரு முக்குவரை கேட்கும்.
அந்தப் பக்கமாய் வந்த நாளில்
சட்டையை வாசலிலேயே கழற்றிவிடுவேன்.

அமலி ஐந்தரைக்கே நண்டு கம்பெனிக்குப் போயாச்சு.
கடப்பா கல் மேடையில் சாக்பீஸால் எழுதியிருக்கிறாள்:
மாவு ரொம்பப் புளிச்சிருச்சு. புட்டு போடுங்க.
கரண்டி மாத்திராதீங்க.

கரண்டி.
என் சப்பாத்தியைத் திருப்பிய அதே கரண்டியால்
மகளுக்கும் தோசை எடுத்தேன், ஒரு வாரம்.
கூடையில் கொட்டிய இறாலைப் போல
சுருண்டு கிடந்தாள் ஸ்டெனிஷா.

மதுரை டாக்டர் சொன்ன நோயின் பெயர்
இன்றும் என் வாயில் நிற்பதில்லை.
கோதுமை, மைதா, ரவை தொடக் கூடாது என்றார்.
அவ்வளவுதானே, நாங்க சோறு திங்கிற ஆளுங்க
என்று சிரித்துவிட்டு வந்தேன்.
அன்று இரவு அமலி
பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தாள்.
ஒன்றும் பேசாமல்
கொல்லைக் கதவைத் திறந்து வீசினாள்.

அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் சந்தேகம்.
மாவு மில்லில் நமக்கு முன்னால் யார் அரைத்தது?
கல்லிடுக்கில் யார் வீட்டுக் கோதுமை உட்கார்ந்திருக்கிறது?
செவ்வாய்க்கிழமை மில் திறக்கும் முன்பே
அரிசி வாளியோடு நிற்கிறேன்.
முதல் படி கல்லைத் துடைக்கும். அது கோழிகளுக்கு.
இரண்டாம் படியிலிருந்துதான் பிள்ளைக்கு.
எங்கள் கோழிகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன.

மணி ஆறு நாற்பது.
பிடித்தால் பிடிபடணும், உதிர்த்தால் உதிரணும்
என்பார்கள் புட்டு மாவுக்கு.
இரவெல்லாம் பனிக்கட்டி தள்ளிய கைக்கு
அது எப்படித் தெரியும்?
"ஏய், வந்து பாரு."
ஒற்றைச் சடையோடு ஓடி வந்து கிள்ளிப் பார்க்கிறாள்.
"தண்ணி பத்தாதுப்பா."
தெளிக்கிறேன்.
"போதும், போதும்."
மறு சடையை அவளே பின்னிக்கொள்கிறாள், கோணலாக.

குழலில் மாவு, தேங்காய்ப்பூ, மறுபடி மாவு.
ஆவி வந்ததும் அதன்மேல் கையை நீட்டுகிறேன்.
ஒவ்வொரு விரலாய்
குத்திக்கொண்டு திரும்பி வருகிறது.
சுண்டுவிரல்தான் எப்போதும் கடைசி.

மேயில் அவளுக்குப் புது நன்மை.
வெள்ளைக் கவுனுக்கு அளவு கொடுத்தாச்சு.
நற்கருணை அப்பம் கோதுமை என்பது
போன ஞாயிறுதான் எங்களுக்கு உறைத்தது.
பங்குச்சாமி நல்ல மனிதர். சொன்னார்:
"ரசம் மட்டும் வாங்கட்டும்.
அதுலயும் ஆண்டவர் பாதி இல்ல, முழுசாத்தான் இருக்கார்."
எனக்கு நிம்மதி.

புட்டை வாழைப்பழத்தோடு பிசைந்துகொண்டே கேட்கிறாள்:
"அப்பா, பூசையில சாமியார்
அப்பத்தப் பிட்டு ஒரு துண்ட
அந்தக் கிண்ணத்துலதானப்பா போடுவாரு?"

நாற்பத்தொரு வருடம் பூசை பார்த்தவன் நான்.
ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை.
கண்ணை மூடி முழங்காலில் நின்றிருப்பேன்.
ஒன்பது வயது
விழித்துக்கொண்டு பார்த்திருக்கிறது.

நாகூர்கனி ஹாரன் அடித்துவிட்டார்.
மீதிப் புட்டு டப்பாவுக்குள், டப்பா பைக்குள்,
கோணல் சடை வேனுக்குள்.
"யார்ட்டயும் பிஸ்கட் வாங்கிறாத."
"தெரியும்ப்பா!"

சாக்பீஸை எடுத்து
அமலியின் எழுத்துக்குக் கீழே எழுதினேன்:
சாமியார்ட்ட கேக்கணும். தனிக் கிண்ணம்.

குழலில் ஒட்டியிருந்ததைத் தட்டி எடுத்து
நேற்றைய சூடைக் குழம்பை ஊற்றிப் பிசைந்தேன்.
சூடு
சுண்டுவிரலிலும் தெரிந்தது.