சாய்கோடு

நீடாமங்கலம், மூணாறு தலைப்பு.
வெண்ணாறு மூன்றாய்ப் பிரிகிற இடத்தில்
ஆபீஸின் பின்னறை, எனக்கொரு மேசை,
ஒழுகாத மூலையில் ஒரு விண்டோஸ் கணினி.

வயர்லெஸில் வருகிற நீர்மட்டங்களை
ஊர்வாரியாகக் கோப்புகளில் வைத்திருந்தார்கள்.
மணிக்கொருமுறை அவற்றைத் திறந்து படிக்க
நான் ஒரு நிரல் எழுதினேன்.
மட்டம்\மன்னார்குடி. மட்டம்\கூத்தாநல்லூர்.
பெயர்கள் ஆங்கில எழுத்தில்,
நடுவில் பின்பக்கம் சாய்ந்த கோடு.
ஓடியது. டீ குடிக்கப் போனேன்.

ஐப்பசிக் கடைசியில் மற்ற ஊர்களையும் சேர்த்து
திருச்சி சர்வரில் ஏற்றினோம்.
அன்று ராத்திரியே மெஹருன்னிசா கூப்பிட்டார்:
“நன்னிலத்தைக் காணோம்.”
தண்ணி ஏறிடுச்சா என்று எழுந்துவிட்டேன்.
“தண்ணி இல்ல சார். உங்க கோடு.”

திருவாரூருக்கு முன்னால் நின்ற கோடு
‘டி’யை விழுங்கி
                     ஒரு வெற்றிடத்தை உமிழ்ந்திருந்தது.
நன்னிலத்துக்கு முன்னால் நின்றதோ
‘என்’னைக் கடித்து, மிச்சத்தை
அடுத்த வரியில் தள்ளியிருந்தது:
அன்னிலம்.
அந்த நிலம் என்றால், எந்த நிலம்?

மன்னார்குடியின் ‘எம்’ அதன் பல்லுக்கு அகப்படவில்லை.
அகப்படாமல் என்ன, லினக்ஸுக்கு
அந்தக் கோடு பிரிவே இல்லை, வெறும் எழுத்து.
மட்டம், மன்னார்குடி, பாமணியாறு எல்லாம்
ஒட்டிக்கொண்டு ஒரே நீளப் பெயராய்க் கிடந்தன,
தலைப்பில் மதகே கட்டாத ஆறு மாதிரி.

கோட்டைத் திருப்பிப் போட்டேன்.
முன்பக்கம் சாய்ந்தது இரண்டிலும் செல்லும் என்றார்.
அப்போதும் பாமணியாறு திறக்கவில்லை.
கோப்புறையில் பெரிய ‘பி’, என் நிரலில் சின்னது.
என் கணினி இதையெல்லாம் கண்டுகொண்டதே இல்லை.
பெரிசு சிறிசு இல்லாத எழுத்தில் அ, ஆ படித்தவன்,
நானும்தான்.

ஒன்றரை மணிக்குக் கோடுகளையெல்லாம் அழித்தேன்.
பெயர்களை மட்டும் வரிசையாகக் கொடுத்து
சேர்க்கிற வேலையை அந்தந்த மெஷினிடம் விட்டேன்.
நன்னிலம் திறந்தது.
மூன்று மணி நேரமாக ஏறிக்கொண்டிருந்த மட்டம்.

ஃபோனில் பொறியாளரை எழுப்பிவிட்டு
ஜன்னலுக்கு வந்தேன். எதிர்க்கரையில்
லஸ்கர் பக்கிரிசாமி டார்ச்சை வாயில் கவ்வி
என் பக்கம் பார்த்தபடி ஷட்டரைத் திருகிக்கொண்டிருந்தார்.
வாடைக்காற்றில் மழை சாய்ந்தே விழுந்தது.
நான் நின்ற இடத்திலிருந்து \
அவர் நின்ற இடத்திலிருந்து /