ஒன்பதாவது டேக்

என்னைவிட மூத்த சிந்தசைசர்,
சூடேற இருபது நிமிஷம் கேட்கும்.
அதுவரை சுருதி நிற்காது.
பெரியாஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து
யூனிஃபார்மோடு வந்த ஜெசிந்தா
கட்டிலில் சாய்ந்து கொட்டாவி விடுகிறாள்.

சுவரெல்லாம் ஜமுக்காளம் தொங்கவிட்டும்
மைக்குக்குள் வந்துவிடுகிறது
செல்லூர் விசைத்தறி.
கரண்ட் போனால்தான் தறி நிற்கும்.
கரண்ட் போனால் டேப்பும் நிற்கும்.

ஒன்பதாவது டேக்கில் போனது.
தெருவே மூச்சு விட்டது.
அவள் நிறுத்தவில்லை.
சரணம் முழுக்கப் பாடினாள்,
தறி இல்லாமல், மெஷின் இல்லாமல்,
முகவாயில் வியர்வை சொட்ட.

பதினொரு மணிக்குக் கரண்ட் வந்ததும்
போட்டுக் கேட்டோம்.
ஸ்பூல் தளர்ந்த நேரத்தில் பதிந்த கடைசி 'ஆ'
ஏறுகிறது, ஏறுகிறது,
குருவிக் கீச்சாகி அறுந்துபோகிறது.

"அவ்வளவு உச்சிக்கு நான் போகலையே."
போகவில்லைதான்.
டேப்தான் மெதுவாகப் போனது.

"இருக்கட்டும், அழிச்சிராதே"
என்று செருப்பைத் தேடினாள்.