அரை முழம் பாக்கி

தோவாளைக்குக் கிழக்கே
பூதலிங்கத்தின் பிச்சித் தோட்டத்துக்கு
அறுபத்தொரு கல்தூண்.
தூணுக்கு இவ்வளவு என்று பேச்சு.
குழிக்குத் தனியாகப் பேச்சில்லை.

முக்கால் முழம் வரை
பாரையால் குத்தி மம்பட்டியால் அள்ளலாம்.
அதற்குக் கீழே
குப்புறப் படுத்துத் தோள்வரை கைவிட்டுச்
சிரட்டையால்தான் கோர வேண்டும்.
கன்னம் மண்ணில் படியும்.
எறும்பு காதுக்குள் வழி கேட்கும்.
ஒன்றரை முழம்,
வாய் குறுகி அடி அகன்று
ஊறுகாய்ப் பரணி மாதிரி.

தூணை இறக்கித்
தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால்
ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று
நூலையே சாய்த்துவிடுகிறது.
குண்டை வாளித் தண்ணீரில் முக்கி
அது அடங்கும்வரை பார்த்திருப்பேன்.
எஸ்தாக்கி அதற்குள் ஒரு பீடி முடிப்பான்.

பிறகு நாலு விரல் மண்,
ஒரு பிடி சல்லி, இடி.
மறுபடி நாலு விரல், இடி.
மொத்தமாய்த் தள்ளி மேலே மிதித்தால்
மேல்மண் மட்டுமே பிடித்திருக்கும்,
கல்யாண வீட்டில் கைபிடிக்கும் சொந்தக்காரர் போல.
பாரையின் பின்முனை முதலில் தொப் என்னும்.
ணங் என்று அது திருப்பிச் சொன்னால்தான்
அடுத்த கை மண்.

முப்பத்தெட்டாவது குழியில் பாறை.
ஒரு முழத்தில் தீப்பொறி.
கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.
"மண்ணுக்கடியில யாரு எட்டிப் பாக்கப் போறா, தங்கலீலா?"
என்றான் எஸ்தாக்கி.

யாரும் பார்க்கவில்லை.
அந்தத் தூண் மட்டும்
மற்றவற்றைவிட அரை முழம் ஓங்கி நின்றது.
ஒரு கல் பெரிசாகக் கிடைத்துவிட்டதென்று
பூதலிங்கத்துக்குச் சந்தோஷம்.
அதில்தான் தினமும் சட்டையைக் கழற்றி மாட்டினார்.
அறுபத்தொன்றுக்கும் எண்ணித் தந்தார்.

ஆனியில் சாரலோடு காற்று ஏறியது.
முப்பந்தல் காற்றாடிகள் ராவெல்லாம் சுற்ற
நான் வீட்டில் படுத்தபடி
வேலிக்கம்பி இழுபடுவதைக் கேட்டேன்.
இரண்டு மைல் தள்ளி.
எப்படிக் கேட்கும்?
கேட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும்
உளி, சுத்தியல், ஒரு சாக்குச் சிரட்டையோடு போனேன்.
கம்பியை அவிழ்த்துத் தூணைச் சாய்க்கையில்
நாய் குரைத்தது.
பூதலிங்கம் ஓடிவந்தார்.
"ஏட்டி, கல்லத் திருடவா வந்த?"

"இல்ல.
அரை முழம் பாக்கி இருக்கு.
குடுக்க வந்தேன்."

சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு
அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பாறைமேல் சிரட்டைத் தீ,
கனன்றதும் ஒரு குடம் தண்ணீர்,
வெடித்த இடத்தில் உளி.
ஒரு நாளைக்கு மூன்று விரல் இறங்கினால் பெரிது.
இடைவெளியை முள்வெட்டி அடைத்துவிட்டு
அடுத்த ஞாயிறு வந்தேன்.
அதற்கடுத்த ஞாயிறும்.

ணங் என்றது.

முப்பத்தேழுக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவே
எண்ணித் தேடினால்தான் கிடைக்கும் உயரத்தில்
முப்பத்தெட்டு.

சட்டையை எதில் மாட்டுவதென்று தெரியாமல்
கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தார் பூதலிங்கம்.
"நல்லாத்தானேட்டி இருந்துது," என்றார்,
"பெரிசா."