எழும் நேரம்

விழுகிற மனிதனை
ஐநூறு அச்சடித்தேன்.
மஞ்சள் முக்கோணம், நடுவே கறுப்பு உருவம்,
ஒரு கால் வானத்தில்.
சோஹாரில் ஒரு மருத்துவமனை,
இரண்டாம் தளம், ஆண்கள் வார்டு.
கட்டிலுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று,
கழிப்பறைக்கு இரண்டு.
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை திரும்பிவிட்டேன்.

மூன்றாம் வாரம் ஷெர்லின் சிஸ்டர் கூப்பிட்டாள்.
மார்த்தாண்டத்துக்காரி, சுற்றி வளைக்க மாட்டாள்.
"எல்லாக் கட்டில்லயும் மஞ்சள் இருந்தா
எந்தக் கட்டில்லயும் இல்லைன்னுதான் அண்ணே அர்த்தம்.
ஒரு ராத்திரி வந்து உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன்.
பிளாஸ்டிக் நாற்காலி, பல் கூசும் ஏசி.
என் படத்தை யாருமே நின்று பார்க்கவில்லை.
ஊசித் தட்டோடு விரையும் மாரிவிக்குக்கு
ஒரு கட்டிலுக்கு ஒரு கண்சிமிட்டல்தான் மிச்சம்.
தரை துடைக்கும் தில்மாயாவுக்கு
அரபியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது.
ஆனால் கட்டிலடியில் செருப்பு இல்லாததை
முதலில் காண்பவள் அவள்தான்.

ஏழாம் கட்டில் மர்ஹூன்,
இடுப்பில் திருகாணி இறக்கிய மீனவர்.
தலைமாட்டில் என் மனிதனைக் காணோம்.
பிய்த்துத் தலையணைக்கடியில் போட்டிருந்தார்.
"அறுபது வருஷம் படகில் நின்றவன் நான்.
என்னைப் பார்க்க வருகிறவர்களிடம்
என்னைப் பற்றிச் சொல்ல
இவன் யார்?"

மூன்றே முக்கால்.
ஒரு கட்டில் முனகியது.
அப்புறம் இன்னொன்று.
சுபுஹுப் பாங்கு இன்னும் எழவில்லை,
அதற்குள் போர்வைகள் விலகின,
ஒளுச் செய்யப் போகிற பாதங்கள்
இருட்டில் தரையைத் துழாவின.
ஷெர்லின் ஓடினாள். மாரிவிக் ஓடினாள்.
பாதங்கள் இருபத்துச் சொச்சம்.

விடிந்ததும்
விழுந்தவர்களின் நோட்டைப் புரட்டினோம்.
நாலு இருபது. நாலு பத்து. நாலு.
மூன்று ஐம்பது.
காரணம் என்ற கட்டத்தில்
ஈரத் தரை, ஈரத் தரை என்றே எழுதியிருந்தது.

முக்கோணத்தை விட்டேன்.
இப்போது வட்டம், எண்ணில்லாத கடிகார முகம்.
அதில் ஒரே ஒரு துண்டு மஞ்சள்,
எலுமிச்சைச் சுளை அளவுக்கு:
இவர் எழும் நேரம்.
மூன்றாம் கட்டில் வங்காளிப் பையனுக்கு அது
பத்து மணிப் பக்கம், நீர் மாத்திரைக்கு அப்புறம்.

மர்ஹூன் வெகுநேரம் பார்த்தார்.
பிய்க்கவில்லை.
"தப்பு" என்றார்.
"அக்டோபரில் என்ன செய்வாய்?
விடியல் என்ன, நங்கூரம் போட்டா நிற்கிறது?"

நோட்டிலேயே இருந்தது அது.
தேதி முன்னால் போகப் போக
நேரம் பின்னால் நகர்ந்திருந்தது.
நான் பசை தடவி ஒட்டியிருந்தேன்.

ரூவியில் அலைந்து காந்தத் தகடு வாங்கி வந்தேன்.
வியாழக்கிழமைகளில் தில்மாயா
தொழுகை அட்டவணையின் எண்களைப் பார்த்து
மஞ்சளைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறாள்.
எண்கள் அவளுக்குத் தெரியும்.
யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்டில் ஒருவர் விழுந்தார்,
பகல் பதினொன்றுக்கு, யாரும் நினைக்காத நேரத்தில்.
அதையும் நோட்டில் எழுதினாள் ஷெர்லின்,
காரணக் கட்டத்தைக் காலியாக விட்டு.

மர்ஹூன் தோளைப் பிடிக்க விடுவதில்லை.
செருப்பை நேராக்கி, விளக்கைத் தட்டி
மாரிவிக் காத்து நிற்க,
தானே முழங்கையை நீட்டுகிறார்,
படகிலிருந்து அவளைக் கரையில் இறக்கிவிடுகிறவர் மாதிரி.

மிச்ச மனிதர்கள் நானூற்றுச் சொச்சம் பேர்
என் மேசைக்கடியில்
இன்னும் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.
பின்பக்கம் வெள்ளைத் தாள்.
கணக்கெழுத ஆகும்.